மிளகாய் பியரும் தவறணைக் கள்ளும்

ரொறன்ரோவில் இருந்து விடுமுறைக்கு வந்த மச்சான் சாரத்துக்குள் சுற்றி இரண்டு போத்தல் பியர் கொண்டு வந்திருந்தார். லேபிளில் சிவப்பு மிளகாய்ப் படம். “நீங்கள் உறைப்புத் தின்னுற ஆக்கள்தானே, குடிச்சுப் பாருங்கோ” என்றார்.

முதல் மிடறில் ஒன்றுமில்லை. பார்லி மாவின் இனிப்பும், பச்சை மிளகாயை முறித்தால் எழும் மணமும்தான். விழுங்கிய பிறகுதான் தொண்டைக்குள் எரிவு ஏறியது. அதை அடக்க இன்னொரு மிடறு குடித்தேன். எரிவு இரண்டு மடங்கானது.

இதற்குக் காரணம் உண்டு. மிளகாயின் உறைப்பு கப்சைசின் என்ற பொருளில் இருக்கிறது. அது தண்ணீரில் கரைவது அரிது, அற்ககோலில் நன்றாகக் கரையும். சூட்டை உணரும் அதே நரம்பு வாங்கியைத்தான் அது தூண்டுகிறது. அந்த வாங்கியைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸுக்கு 2021இல் நோபல் பரிசு கிடைத்தது. அற்ககோலும் அதே வாங்கியை இலகுவில் தூண்டப்படும்படி செய்துவிடும். எனவே உறைப்பைத் தணிக்கப் பியர் குடிப்பது அடுப்புக்கு விறகு வைத்த கதை. பாலோ தயிரோதான் மருந்து.

இது புதுக் கண்டுபிடிப்பும் அல்ல. அமெரிக்காவின் அரிசோனாவில் ‘கேவ் கிரீக்’ என்ற பெயரில், போத்தலுக்கு ஒரு முழு மிளகாய் போட்டே பியர் விற்றார்கள். சிறு வடிசாலைகள் பெரும்பாலும் நொதித்தல் முடிந்த பிறகே மிளகாயைச் சேர்க்கின்றன. இல்லாவிட்டால் மணம் பறந்துவிடும். மிளகாயின் எண்ணெய் நுரையையும் கெடுக்கும். எங்கள் கிளாசிலும் நுரை நிற்கவில்லை.

மறுநாள் மச்சானைத் தவறணைக்குக் கூட்டிப் போனேன். இங்கே உறைப்பு குடிக்கிற பொருளுக்குள் இல்லை, பக்கத்துத் தட்டில் இருக்கிறது: செத்தல் மிளகாய்ச் சம்பலும் மரவள்ளிக்கிழங்கும், வாய்த்தால் கணவாய்ப் பிரட்டலும். கள்ளின் புளிப்பும் மெல்லிய இனிப்பும் அந்த உறைப்பைக் கழுவிக்கொண்டு போகும். அற்ககோல் அளவில் கள்ளும் பியரும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் கள்ளுக்கு மதுவம் போடுவார் இல்லை. முட்டி மரத்தில் இருக்கும்போதே நொதிக்கத் தொடங்கிவிடும். காலையில் இறக்கியது மாலையில் புளித்துவிடும். சுண்ணாம்பு பூசிய முட்டியில் இறங்குவதுதான் கருப்பநீர்.

முன்பு பிளாவில் குடித்ததை இப்போது பிளாஸ்ரிக் கோப்பையில் தருகிறார்கள். எனக்கு அதுதான் பெரிய குறை. சீவல் தொழில் செய்யும் ஐயா ஒருவருக்கு வேறு குறை. தன் பிள்ளைகள் ஒருவரும் மரம் ஏறுவதில்லை என்றார். ஏறச் சொல்லவும் அவருக்கு மனமில்லை. விழுந்தால் யார் பார்ப்பது?

எங்கள் அப்பா குடிப்பதில்லை. அன்றிரவு மிச்சப் போத்தலைத் திறந்து மூக்கில் பிடித்தார். “இது பச்சையில பிடுங்கினது. வெயிலில காய்ஞ்ச மணம் இல்லை” என்றார். அவருக்குத் தெரியும். தெல்லிப்பழைச் செம்மண்ணில் மிளகாய் போட்டவர். 1970களின் தொடக்கத்தில் சிறிமாவோ அரசாங்கம் இறக்குமதியை இறுக்கியபோது மிளகாயும் வெங்காயமும் குடாநாட்டில் கல்வீடுகள் கட்டின. எங்கள் வீடும் அப்படி எழுந்ததுதான். 1977க்குப் பிறகு கதவு திறக்க விலை விழுந்தது. 1990இல் ஊரே இடம்பெயர்ந்தது. அதன் பின் பொருளாதாரத் தடை: யூரியா இல்லை, தண்ணீர் இறைக்க மண்ணெண்ணெய் இல்லை. வேறொருவர் காணியில் பட்டை கட்டி இறைத்து அப்பா நட்ட மிளகாய்க் கன்றுகள் எனக்கு ஞாபகம் இருக்கின்றன.

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் கிடந்த காணி விடுபட்டுப் போய்ப் பார்த்தபோது, எல்லையில் நின்ற பனைகளில் ஒன்றும் இல்லை. பனங்குற்றிகள் காவலரண்களுக்குப் போயிருந்தன. இப்போது அந்த எல்லையில் பனங்கொட்டை ஊன்றியிருக்கிறோம். பாளை வர 15 ஆண்டாவது செல்லும். மிளகாய் மட்டும் இந்த மாரி முடிய நடலாம் என்கிறார் அப்பா.