சென்னை வண்டியும் கவென்ட்ரி எஞ்சினும்

சித்தூரிலிருந்து பலமனேருக்கு மொகிலிக் கணவாய் வழியே ஏறும் மோட்டார்களையும், திருப்பதியிலிருந்து திருமலைக்கு ஏறும் மோட்டார்களையும் நம் சங்க அன்பர்கள் நாள்தோறும் காண்கிறார்கள். எஞ்சினின் குணம் மேட்டில்தான் வெளிப்படும். இரயில்வேயில் சுமையையும் ஏற்றத்தையும் கணக்கிட்ட பின்னரே எஞ்சினை ஒதுக்குவது வழக்கம். இவ்விதியை மோட்டார்த் தொழில் மறந்தபோது நேர்ந்ததற்குச் சென்னையின் சரித்திரத்திலேயே சான்று உண்டு.

இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரத்து ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி, இரண்டாம் உலக யுத்தம் முடிந்ததும் நான்கு சிலிண்டர் எஞ்சின் ஒன்றை உருவாக்கியது. வான்கார்டு என்னும் குடும்பக் காரிலும், பெர்குசன் டிராக்டரிலும் அது உழைத்தது. தண்ணீர் சூழ நிற்கும் அதன் சிலிண்டர் உறைகள் தேய்ந்துவிட்டால், அவற்றைக் கழற்றிப் புதியவை போட்டுக்கொள்ளலாம். பழுது பார்ப்போருக்கு இது பெரும் வசதி. 1953-இல் அதே எஞ்சினைச் சற்றுக் குறுக்கி, 1991 கன சென்டிமீட்டர் அளவினதாக்கி, டிரையம்ப் டி.ஆர்.2 என்னும் ஸ்போர்ட்ஸ் காரில் வைத்தார்கள். எஞ்சினுக்கு 90 குதிரைச்சக்தி. காரின் எடையோ ஒரு டன்னுக்கும் குறைவு. மணிக்கு 100 மைல் வேகத்தையும் அது கடந்தது. ஏர் இழுத்த காளை பந்தயத்திலும் வென்றது எனலாம்!

சென்னையில் 1948-இல் தோன்றிய ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் கம்பெனி, வான்கார்டையும் பின்னர் ஹெரால்டையும் நமக்கு அளித்தது. 1985-இல் அது ரோவர் எஸ்.டி.1 என்ற காரின் உடலை எடுத்து, 'ஸ்டாண்டர்டு 2000' எனப் பெயரிட்டு வெளியிட்டது. 1976-இல் இங்கிலாந்தில் அக்கார் பிறந்தபோது, எட்டு சிலிண்டரும் 3528 கன சென்டிமீட்டரும் கொண்ட எஞ்சின் அதற்கு வாய்த்திருந்தது. இங்கே அதனுள் புகுந்ததோ ஏறத்தாழ நாற்பதாண்டுப் பழமை வாய்ந்த அதே வான்கார்டு எஞ்சின்! காரணத்தை ஊகிப்பது கடினமன்று. கம்பெனியாருக்கு அது பழகிய எஞ்சின். அதைச் செய்யும் சாதனங்களும் கைவசம் இருந்தன. ஆயினும் இலேசான ஸ்போர்ட்ஸ் காருக்குப் புகழ் தேடித் தந்த எஞ்சின், பெரிய காரினுள் அமர்ந்தபின், தேரில் பூட்டிய ஒற்றைக் காளைபோல் திணறிற்று. அதன் சக்தி நூறு குதிரைக்கும் குறைவு. காரின் விலையோ மிக அதிகம். அழகில் அதற்கு நிகரான கார் அக்காலத்தில் இந்தியாவில் இல்லை என்பதே என் எண்ணம். அந்த அழகும் உதவவில்லை. 1988-இல் உற்பத்தி நின்றது.

அதே காலத்தில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் கம்பெனியும் இவ்வழியிலேதான் புறப்பட்டது. வாக்ஸால் காரின் உடலைக் கொணர்ந்து, அம்பாஸடரின் 1489 கன சென்டிமீட்டர் எஞ்சினை அதற்குப் பொருத்தி, 1984-இல் காண்டெஸாவை விற்பனைக்கு விட்டது. இந்த எஞ்சினுக்கும் கீர்த்தி உண்டு. 1955-இல் வெளிவந்த எம்.ஜி.ஏ. என்னும் ஸ்போர்ட்ஸ் காரை ஓட்டியது இதன் உடன்பிறப்பே. எனினும் காண்டெஸாவின் கனத்துக்கு அது போதவில்லை. நல்லவேளையாக அக்கம்பெனி பிடிவாதம் காட்டாமல், சில ஆண்டுகளுக்குள் ஜப்பானிய இஸுஸு கம்பெனியின் 1817 கன சென்டிமீட்டர் எஞ்சினுக்கு மாறியது. காண்டெஸா 2002 வரை உற்பத்தியாயிற்று.