'இன்னபிற': ஓர் அடைவின் அரசியல்

என் பழைய கணினியில் டெபியனைப் புதுப்பித்துக்கொண்டிருந்தபோது பாதியில் ஒரு கேள்வி வந்து நின்றது: இந்த அமைப்புக் கோப்பை நீ மாற்றியிருக்கிறாய், உன்னுடையதே இருக்கட்டுமா, பொதியில் வந்திருப்பதைப் போடவா? சும்மா என்டர் தட்டினால் என்னுடையது நிற்கும். இந்த மரியாதை எங்கேயிருந்து வந்ததுன்னு தேடப்போய்த்தான் /ஈடிசி என்ற அடைவின் வரலாற்றில் மாட்டிக்கொண்டேன்.

பெயரே வேடிக்கை. எட்செட்ரா, அதாவது இன்னபிற. (கௌரவமான விரிவுகள் எல்லாம் பின்னால் ஒட்டவைத்தவை.) 1970களில் பெல் ஆய்வகத்தில் கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிட்சியும் வளர்த்த யுனிக்ஸில் கட்டளைகளுக்கு /பின், சாதனங்களுக்கு /டெவ் என்று இடம் இருந்தது. எதிலும் சேராததெல்லாம் இந்தப் பரணில்: பயனர் பட்டியலான பாஸ்வேர்ட் கோப்பு, எந்திரம் எழுந்ததும் முதலில் ஓடும் இனிட், வட்டைப் பொருத்தும் மவுன்ட். வகைப்படுத்தலில் எச்சமாகத் தள்ளப்பட்டதே அதிகாரத்தின் மையமாயிற்று. யார் உள்ளே வரலாம், எது ஓடலாம் என்பதெல்லாம் அங்கேதான் தீர்மானமானது.

லினக்ஸின் ஆரம்ப வருஷங்களில் ஒவ்வொரு வெளியீட்டிலும் கோப்புகள் ஒவ்வொரு இடத்தில் கிடந்தன. 1994 பிப்ரவரியில் இதற்கென ஒரு தரநிலை வந்தது. அதன் வழிவந்த எஃப்எச்எஸ், இயங்கும் இருமக் கோப்பு எதுவும் /ஈடிசியில் கூடாது என்றது. நிரல்கள் /எஸ்பின் பக்கம் நகர்ந்தன. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு: அமைப்புக் கோப்பை அது 'உள்ளூர்' கோப்பு என்றே வரையறுத்தது. டெபியனின் கொள்கை இன்னும் ஒரு படி மேலே போய், உள்ளூர்க்காரர் செய்த மாற்றத்தைப் புதுப்பித்தல் அழிக்கக் கூடாது என்றது.

2010ல் சிஸ்டம்டி வந்தது. தயாரிப்பவர் தரும் அமைப்புகள் /யூஎஸ்ஆர்/லிப் கீழே போயின. அதே பெயரில் /ஈடிசியில் ஒரு கோப்பு வைத்தால் நம்முடையதே செல்லும். வெற்றுச் சாதனமான /டெவ்/நல்லுக்கு இணைப்புப் போட்டால் அவர்களுடைய கோப்பு வாயடைத்துப்போகும். எது அவர்கள் சொல், எது நம் சொல் என்ற பிரிவினை இப்போதுதான் துலக்கம். நல்லதுதானே என்று கேட்கலாம். பாதி ஒத்துக்கொள்கிறேன். ஆனால் முன்பு /ஈடிசியைத் திறந்தால் முழுப் பிரதியும் கண்ணெதிரே கிடக்கும். புதிதாக வருகிறவர் வாசித்தே கற்றுக்கொள்வார். இப்போது அங்கே நம் மறுப்புகள் மட்டும். எதை மறுத்தோம் என்பதை இன்னொரு அடைவில் போய்த் தேட வேண்டும். முழுசாக நகலெடுத்து வைத்தாலோ, அவர்கள் பின்னால் செய்யும் திருத்தம் நமக்கு வந்து சேராது. நான் இப்போது மாற்ற வேண்டிய இரண்டு வரியை மட்டும் தனித் துண்டாக எழுதி, மேலே ஏன் என்று ஒரு குறிப்பும் போட்டுவைக்கிறேன்.