ஒரு பஞ்சாயத்து வாங்கின காத்தாடி

ஆடி பொறக்கறதுக்கு முன்னாடியே காத்து வந்துருச்சு. உடுமலைப் பக்கம் எங்க காட்டுல நின்னு பார்த்தா, கண்ணுக்கெட்டுற தூரம் காத்தாடிதான். நீங்க காற்றாலைன்னு சொல்றதைத்தான் நாங்க காத்தாடின்னு சொல்றோம். பாலக்காட்டுக் கணவாய் வழியா நுழையற காத்து இந்தப் பக்கம் சும்மா விடாது.

முக்காவாசி காத்தாடி மில்லுக்காரங்களோடது, கம்பெனிக்காரங்களோடது. மைவாடியில நிக்கிற ஒண்ணு மட்டும் ஒரு கிராமப் பஞ்சாயத்தோடது. அந்த ஊர் இங்க இல்லீங்க. நூறு கிலோமீட்டர் பக்கம் தள்ளி, மேட்டுப்பாளையத்துக்கிட்ட இருக்கற ஓடந்துறை. காத்து எங்க நல்லா அடிக்குதோ அங்க நட்டுட்டாங்க. கரண்டு மின்வாரியக் கம்பியில போயிருது.

அந்தக் கதை 1996-ல ஆரம்பிக்குது. பத்து வருஷம் கழிச்சு உள்ளாட்சித் தேர்தல் நடந்தது அப்பத்தான். ஓடந்துறைக்கு ஆர். சண்முகம் தலைவரா வந்தார். பவானித் தண்ணியைக் குடிநீராக் கொண்டு வந்தாங்க, தெருவிளக்கு போட்டாங்க. வசதி கூடக் கூட கரண்டு பில்லும் ஏறுச்சு. பஞ்சாயத்துக்குப் பெரிய செலவே மோட்டாரும் விளக்கும்தானுங்களே.

முதல்ல மரக்கழிவை எரிச்சு வாயு எடுத்து, 9 கிலோவாட் எந்திரத்துல குடிநீர் மோட்டாரை ஓட்டினாங்க. சோலார் விளக்கும் வச்சாங்க. 2006-ல 350 கிலோவாட் காத்தாடி வாங்கினாங்க. விலை 1.55 கோடி. அதுல 40 லட்சம் பஞ்சாயத்தோட சேமிப்பு, மிச்சம் பேங்க் கடன். பயிர்க்கடனுக்குக் கையெழுத்துப் போடறப்பவே எனக்குக் கை நடுங்கும். ஊர் பேர்ல ஒரு கோடிக்கு மேல கடன் வாங்கறதுன்னா யோசிச்சுப் பாருங்க!

ஊருக்கு அப்பத் தேவைப்பட்டது வருஷத்துக்கு 4.5 லட்சம் யூனிட். காத்தாடி கொடுத்தது 6.75 லட்சம் யூனிட் அளவுக்கு. மிச்சத்தை வித்த காசு கடனுக்கு உதவுச்சு.

கார்பன் குறைப்புன்னு இன்னிக்குப் பேசறாங்க. அவங்களைத் தள்ளிவிட்டது கரண்டு பில்லுதான்னு நான் நினைக்கிறேன். நிலக்கரி எரியறது குறைஞ்சது கூடவே கிடைச்ச லாபம். காத்தாடியைவிட எனக்குப் பெரிசாத் தெரியறது அந்த 40 லட்சம். கையில மிச்சம் இல்லாத பஞ்சாயத்தை எந்த பேங்க் நம்பும்?

மே 1 கிராம சபையில எங்க பஞ்சாயத்து ஆளுகிட்ட, வருஷத்துக்குக் கரண்டு பில் எவ்வளவு கட்டறோம்னு கேட்டேன். "அதெல்லாம் மேலயே கழிச்சுக்குவாங்கண்ணா, நாம பார்க்கறதே இல்லீங்க"ன்னார். பட்டப்பகல்லயும் எங்க தெருவிளக்கு எரியறது ஏன்னு அப்பத்தான் புரிஞ்சது. பில்லு கண்ணுல படாத ஊருக்கு காத்தாடி நினைப்பு எப்படி வரும்?

மூணு வருஷக் கணக்கு வேணும்னு எழுதி வச்சிருக்கேன். ஆகஸ்ட் 15 சபையில கொடுக்கணும். கையெழுத்துப் போட இதுவரைக்கும் பதினோரு பேர் சேர்ந்திருக்காங்க.