செய்மதித் தொலைபேசி: எது நல்லது என்பதற்கு முன் எந்த வழியால் போகிறீர்கள் என்று பாருங்கள்

கொக்குவிலில் இருப்பவருக்குச் செய்மதித் தொலைபேசி எதற்கு என்று கேட்பது நியாயம்தான். இங்கே முற்றத்தில் நின்றாலே கைத்தொலைபேசிக்கு அலை கிடைக்கிறது. ஆனால் இந்த ஊர்ப் பிள்ளைகள் கனடாவின் வடக்குக் காடுகளுக்கும் சுவிஸ் மலைகளுக்கும் நடைபயணம் போகிறார்கள். ஓய்வு பெற்றவர்கள் நேபாளம் வழியாகக் கைலாய யாத்திரைக்குக் காசு சேர்க்கிறார்கள். குடாநாட்டின் கரையோரத்துக்குப் போனால், பலநாள் கலங்களில் ஆழ்கடலுக்குப் போகிறவர்களின் வீடுகள் இருக்கின்றன. இவர்கள் எல்லோரும் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "எந்த போன் நல்லது?" நான் திருப்பிக் கேட்பது இரண்டு. எங்கே போறியள்? எந்த வழியால் போறியள்? இரண்டாவது கேள்விதான் ஆட்களைச் சிறைக்கு அனுப்பக்கூடியது.

இந்தியாவை முதலில் சொல்கிறேன். பலாலியில் இருந்து சென்னைக்கு விமானம் ஓடத் தொடங்கிய பிறகு, புலம்பெயர்ந்த உறவுகள் பலர் கொழும்பை விட்டுச் சென்னை வழியாகவே ஊருக்கு வந்து போகிறார்கள். காங்கேசன்துறை - நாகபட்டினம் கப்பலும் இருக்கிறது. இந்தியாவில் துரையா, இரிடியம் ஆகிய இரண்டு வலையமைப்புகளின் தொலைபேசிகளுக்கும் தடை. 2008இல் மும்பையைத் தாக்கியவர்கள் துரையா தொலைபேசியைப் பயன்படுத்தியிருந்தார்கள். அதன் பிறகு கெடுபிடி இன்னும் இறுகியது. அங்கே சட்டப்படி பாவிக்கக்கூடியது, தொலைத்தொடர்புத் துறையின் அனுமதியோடு பி.எஸ்.என்.எல். வழியாக வரும் இன்மார்சாட் மட்டுமே. வெளிநாட்டில் வாங்கிய இன்மார்சாட் கருவியைப் பையில் வைத்திருந்தாலும், அனுமதி இல்லையென்றால் பிரச்சினைதான்.

பலருக்குத் தெரியாத ஒன்று, கார்மின் இன்ரீச் என்ற கையடக்கச் செய்திக் கருவியும் இரிடியம் செய்மதிகளில்தான் இயங்குகிறது என்பது. கனடாவிலும் ஐரோப்பாவிலும் மலையேறுகிறவர்கள் அதைத் தண்ணீர்ப் போத்தல் மாதிரிப் பையில் கொளுவிக்கொண்டு திரிவார்கள். அதே பையோடு இந்திய விமான நிலையத்துக்குள் நுழைந்த வெளிநாட்டவர்கள் தடுத்து வைக்கப்பட்டு, நீதிமன்றம் வரை போயிருக்கிறார்கள். 2024 டிசம்பரில் கோவா விமான நிலையத்தில் ஒரு கனேடியருக்கு அதுதான் நடந்தது. "பாவிக்கேல்லை, சும்மா வச்சிருந்தனான்" என்ற பதில் அங்கே எடுபடாது. சென்னையில் இறங்குவதாக இருந்தால் கருவியை வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள். விமானம் மாறுவதற்கு மட்டும் என்றாலும் அதுவே என் ஆலோசனை.

இலங்கையிலும் கேட்டுக் கேள்வி இல்லாமல் கொண்டுவர முடியாது. 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டத்தின் கீழ் இப்படியான கருவிகளுக்குத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் அனுமதி வேண்டும். நேபாளத்திலும் முன் அனுமதி வேண்டும்.

சட்டம் சரியென்றால் அடுத்தது வானம். இன்மார்சாட்டும் துரையாவும் பூமத்திய ரேகைக்கு மேலே சுமார் 36,000 கிலோமீற்றர் உயரத்தில், ஒரே இடத்தில் நிற்பதுபோலத் தெரியும் செய்மதிகளை நம்பியவை. நாங்கள் பூமத்திய ரேகைக்குக் கிட்ட இருப்பதால் எங்களுக்கு அவை வானில் நல்ல உயரத்தில் இருக்கும். பனை மறைத்தால் நாலு அடி தள்ளி நின்றால் போதும். கனடாவின் வடக்கே போகப் போக அதே செய்மதி அடிவானத்தை நோக்கித் தாழ்ந்துகொண்டே போகும். ஒரு குன்றோ, தெற்குப் பக்கத்தில் அடர்ந்த மரமோ போதும், தொடர்பு போய்விடும். இமயமலைப் பள்ளத்தாக்கிலும் தெற்கே மலைச்சுவர் இருந்தால் இதே கதை. அந்த உயரத்துக்குப் போய்வர அலைக்கு நேரம் எடுப்பதால், நீங்கள் கேட்டதற்குப் பதில் வர அரைச் செக்கனுக்கு மேல் ஆகும். இது தெரியாமல் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் கதைத்துப் பாதிக் காசைத் தொலைப்பவர்கள் உண்டு.

இரிடியம் வேறு மாதிரி. சுமார் 780 கிலோமீற்றர் உயரத்தில் 66 செய்மதிகள் துருவத்துக்குத் துருவம் சுற்றுகின்றன. பூமியில் அது எட்டாத இடம் இல்லை. ஒரு செய்மதி சில நிமிடங்களில் தலைக்கு மேலாகக் கடந்துவிடும், அடுத்தது அழைப்பை ஏற்கும். குறுகிய பள்ளத்தாக்கில் அந்தக் கைமாற்றத்தின்போது அழைப்பு அறுவதுண்டு. ஆனால் கொஞ்சம் பொறுத்தால் இன்னொரு செய்மதி வரும். மலைச்சுவருக்குப் பின்னால் இருக்கும் இன்மார்சாட் செய்மதி எவ்வளவு பொறுத்தாலும் வராது. வடக்கே போகிறவருக்கும் மலைக்குப் போகிறவருக்கும் நான் இரிடியத்தையே சொல்வேன். எங்கள் கடலுக்கு இன்மார்சாட் போதும். கருவியின் விலையும் பொதுவாகக் குறைவு.

துரையாவைப் பற்றி ஒரு எச்சரிக்கை. 2024 ஏப்ரலில் துரையா-3 செய்மதி பழுதடைந்து, அவுஸ்திரேலியாவிலும் கிழக்காசியாவிலும் அதை நம்பியிருந்தவர்களின் தொலைபேசிகள் செயலற்றுப் போயின. 2025 ஜனவரியில் துரையா-4 ஏவப்பட்டது. இருந்தாலும், பாவித்த துரையா கருவி மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால், ஏன் மலிவு என்று ஒருதரம் யோசியுங்கள்.

பற்றரியிலும் பெரிய வேறுபாடு உண்டு. இன்மார்சாட்டின் ஐசாட்போன் 2, தயாரிப்பாளர் கணக்கில் 8 மணித்தியாலம் கதைக்கவும் 160 மணித்தியாலம் காத்திருக்கவும் தாங்கும். இரிடியம் 9555, 9575 இரண்டும் 4 மணித்தியாலம் கதைக்க, 30 மணித்தியாலம் காத்திருக்க. குளிரில் இதுவும் குறையும். ஆனால் ஐசாட்போன் 318 கிராம் பாரம். 9575இல் ஆபத்து அழைப்புக்கென்று தனிப் பொத்தான் இருக்கிறது, பழைய 9555இல் இல்லை. பாவித்ததை வாங்குகிறவர்கள் இந்த இரண்டு இலக்கத்தையும் மாற்றிவிடக்கூடாது.

உண்மையில் கேட்பவர்களில் பாதிப் பேருக்குத் தொலைபேசியே தேவையில்லை. "நலமாக இருக்கிறேன்" என்று நாளுக்கொரு செய்தி அனுப்ப, 100 கிராம் இன்ரீச் மினி 2 போதும். மாதச் சந்தா உண்டு. ஐபோன் 14க்குப் பிறகு வந்தவற்றில் செய்மதி வழி அவசர உதவி இருக்கிறது. கனடா, பிரித்தானியா, பிரான்ஸ், ஜேர்மனி, சுவிற்சர்லாந்து, அவுஸ்திரேலியா போன்ற நாடுகளில் வேலை செய்யும். அதை நம்பி இங்கே கடலுக்கு இறங்க வேண்டாம், இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை. ஸ்ரார்லிங்க் 2025 ஜூலையில் இலங்கைக்கு வந்தது. அது தட்டும் மின்சாரமும் வேண்டிய இணைய இணைப்பு, பொக்கற்றில் வைக்கிற சாமான் அல்ல.

கடலுக்குப் போகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது 406 மெகாஹேர்ட்ஸ் அவசர மிதவையைத்தான். தண்ணீரில் விழுந்தாலும் கத்திக்கொண்டிருக்கும், மாதச் சந்தா கிடையாது, குறைந்தது 48 மணித்தியாலம் தாங்கும். அதன் அலையை கொஸ்பாஸ்-சார்சாட் செய்மதிகள் பிடிக்கின்றன. இலங்கைக் கடல் இந்த அமைப்பில் இந்தியாவின் பெங்களூரு நிலையத்தின் பொறுப்பில் வருகிறது. அங்கிருந்து தகவல் கொழும்பில் கடற்படையின் தேடல் மீட்பு மையத்துக்கு வரும். கலம் கவிழ்ந்தால் தொலைபேசியை எடுத்து எண் அழுத்த யாருக்கும் நேரம் இருக்காது. மிதவையை உங்கள் பெயரில் பதிவு செய்யாமல் வைத்திருந்தால், அலை வந்தாலும் யாருடைய கலம் என்று தேடவே நேரம் போய்விடும்.

எங்கள் ஊரில் செய்மதித் தொலைபேசி என்றதும் வயதானவர்கள் முகம் மாறுவதைக் கண்டிருக்கிறேன். 2009இல் வன்னியில் கடைசி நாட்களின் குரல்கள் வெளியே வந்தது அந்த வழியால்தான். அந்தப் பயத்துக்குத் தொழில்நுட்பக் காரணமும் இருக்கிறது: இந்தக் கருவி, தான் எங்கே இருக்கிறது என்பதை வானத்துக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. செச்சினியத் தலைவர் துடாயேவ் 1996 ஏப்ரலில் செய்மதித் தொலைபேசியில் கதைத்துக்கொண்டிருந்தபோதே ஏவுகணையால் கொல்லப்பட்டார். 2012இல் ஜேர்மனியின் போகும் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், துரையாவும் இன்மார்சாட்டும் பாவித்த குரல் மறையாக்கத்தை உடைக்க முடியும் என்று காட்டினார்கள். மலையேறுகிறவருக்கு இது பொருட்டல்ல. செய்தி சேகரிக்க எல்லைப் பகுதிகளுக்குப் போகும் இளம் ஊடகவியலாளர்கள் இதைத் தெரிந்துகொண்டே கருவியை எடுக்கட்டும்.

இரண்டு வாரப் பயணத்துக்கு வாங்க வேண்டாம், வாடகைக்கு எடுங்கள். வாங்கினால் முற்கொடுப்பனவு அட்டையின் காலாவதித் திகதியைப் பாருங்கள். மிச்ச நிமிடங்கள் திகதியோடு போய்விடும். புறப்பட முன் வெட்டவெளியில் நின்று, அன்ரெனாவை முழுவதும் நீட்டி, ஒருதரம் வீட்டுக்கு எடுத்துப் பாருங்கள். எந்த நேரத்தில் போனைப் போட்டு வைப்பீர்கள் என்று எழுதிக் கொடுங்கள். வீட்டார் திரும்ப எடுத்தால் அவர்கள் பக்கத்துக் கட்டணம் பயங்கரமாக ஏறும். குறுஞ்செய்தி அனுப்பச் சொல்லுங்கள். இரிடியம் அழைப்பு 8816 என்றும், இன்மார்சாட் 870 என்றும், துரையா 88216 என்றும் தொடங்கும். இதை அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். இல்லாவிட்டால் தெரியாத வெளிநாட்டு எண், ஏமாற்றுக்காரர் என்று அவர் எடுக்கவே மாட்டார்.