எத்தனை படி?

பட்டணத்தில் சௌகரியமாகக் குடித்தனம் நடத்த மாதம் எவ்வளவு வருமானம் வேண்டும்? இந்தக் கேள்வியை நான் பலரிடம் கேட்டிருக்கிறேன். பதிலில் தொகை ஆளுக்கு ஆள் மாறும். ஆனால் ஒரு விஷயத்தில் எல்லாரும் ஒற்றுமை: தாம் இப்போது வாங்குகிற சம்பளத்தைவிட அது நிச்சயமாக அதிகம்! முப்பதாயிரம் வாங்குகிறவர் ஐம்பதாயிரம் என்பார். ஐம்பதாயிரம் வாங்குகிறவரோ, "ஒரு லட்சமாவது இல்லாமல் இந்த ஊரில் மூச்சு விட முடியுமா, சார்?" என்பார்.

சர்க்காருக்கு இதில் இவ்வளவு குழப்பம் கிடையாது. மத்திய சர்க்கார் ஊழியர்களுக்கு வீட்டு வாடகைப்படி, 2024 ஜனவரியிலிருந்து, சென்னை போன்ற பெருநகரங்களில் அடிப்படைச் சம்பளத்தில் நூற்றுக்கு 30 என்றும், அடுத்த தரத்து நகரங்களில் 20 என்றும், மற்ற ஊர்களில் 10 என்றும் ஆயிற்று. ஆகவே பெரிய பட்டணத்துக்கும் சிற்றூருக்கும் உள்ள வித்தியாசம் நூற்றுக்கு 20 என்று ஏற்படுகிறது. வீட்டுக்காரர்கள் இந்த உத்தரவைப் படித்ததாகத் தெரியவில்லை.

வீட்டு வாடகைப்படி, பயணப்படி, அகவிலைப்படி என்று சம்பளச் சீட்டில் எத்தனை படிகள் பாருங்கள்! அகவிலைப்படிக்கு முன்பெல்லாம் பஞ்சப்படி என்று பெயர். மாதக் கடைசியில் நாம் வாங்குவது காகிதமானாலும், பெயரில் இன்னும் நெல் அளக்கிற படிதான் உட்கார்ந்திருக்கிறது. எட்டுப் படி ஒரு மரக்கால். பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு வேண்டும் என்ற கேள்விக்கு இந்த அளவைகளிலேயே பதில் எழுதி வைத்த காலம் உண்டு. அந்தப் பதிலின் ஏடுகள் பட்டணத்தின் வாசலில் உள்ள செங்கற்பட்டுச் சீமையைச் சேர்ந்தவை.

ஆர்க்காட்டு நவாப் முகம்மது அலி 1763-ல் செங்கற்பட்டுச் சீமையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். புதிதாக நிலம் கைக்கு வந்தவன் முதலில் என்ன செய்வான்? எவ்வளவு தேறும் என்று பார்ப்பான். கம்பெனியார் தாமஸ் பார்னார்டு என்ற எஞ்சினீயரை அனுப்பினார்கள். 1767 முதல் 1774 வரை அவர் ஏறத்தாழ இரண்டாயிரம் ஊர்களை ஆராய்ந்தார். எத்தனை வீடு, எத்தனை ஏரி, எவ்வளவு நஞ்சை, எவ்வளவு புஞ்சை, விளைச்சலில் யார் யாருக்கு என்ன பங்கு என்று எல்லாம் கணக்கெடுத்தார். கணக்குப்பிள்ளைகள் தமிழில் ஓலையில் எழுதினார்கள். கம்பெனிக்காக அதன் சாரம் ஆங்கிலத்தில் ஏறியது. இருநூறு வருஷத்துக்குப் பிறகு இந்தக் கணக்குகளின் அருமையை எடுத்துச் சொன்னவர்களில் முக்கியமானவர் தரம்பால்.

வரி போடுவதற்காக எடுத்த கணக்கு அது. ஆனால் படிக்கும்போது ஒரு ஊர்க் குடித்தனத்தின் வரவு செலவுச் சிட்டையைப் பார்ப்பது போலவே இருக்கிறது. களத்தில் நெல் குவிந்ததும் சர்க்காரும் உழவனும் பிரித்துக்கொண்டு போய்விட முடியாது. அறுப்பின்போது கட்டாகச் சில பங்கு, பொலி அளக்குமுன் சில பங்கு, அளந்த பிறகு கலத்துக்கு இத்தனை என்று சில பங்கு போயாக வேண்டும். இதற்கு மேரை என்றும் சுதந்திரம் என்றும் பெயர். ஏரியைப் பார்த்துக்கொள்கிறவனுக்கு ஒரு பங்கு. தச்சர், கொல்லர், குயவர், நாவிதர், வண்ணார், காவல்காரர், கணக்குப்பிள்ளை ஆகியோருக்கு ஆளுக்கொரு பங்கு. இதெல்லாம் இல்லாமல் ஊர் நடக்காது, சரி. ஆனால் வைத்தியருக்கும் பங்கு உண்டு. பஞ்சாங்கம் சொல்கிறவருக்கு உண்டு. கோயிலுக்கும் அதில் ஆடுகிற பெண்ணுக்கும் உண்டு. திருவிழாவும் ஆட்டமும் அவசியச் செலவா, ஆடம்பரச் செலவா என்று அந்தக் களத்தில் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

உடனே இதைப் பொற்காலம் என்று சொல்லிப் பாட வேண்டாம். பங்கு எல்லாருக்கும் இருந்தது. எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்கவில்லை. 1891-ல் இதே செங்கற்பட்டின் கலெக்டர் ட்ரெமென்ஹீர், சேரி ஜனங்களின் நிலையைப் பற்றி ஓர் அறிக்கை எழுதினார். தலைமுறை தலைமுறையாக வயலில் பாடுபட்டவர்களுக்குக் குடியிருக்கிற மனைகூடச் சொந்தமில்லை. மிராசுதாரருக்குக் கோபம் வந்தால் குடிசையை விட்டுக் கிளம்ப வேண்டியதுதான் என்பது அதில் தெரிகிறது. அடுத்த வருஷம் அவர்களுக்கு நிலம் ஒதுக்கச் சர்க்கார் உத்தரவு போட்டது. இன்று பஞ்சமி நிலம் என்று பேசப்படுவது அதுதான். மேரை கிடைத்தவனிலும் கூரை கிடைக்காதவன் இருந்தான் என்பதை ஓலைக் கணக்கைப் படிக்கும்போது மறக்கக் கூடாது.

நிற்க. படிக் கணக்கு போய் அணாக் கணக்கு வந்தபோது என்ன நடந்தது என்று பார்க்கலாம்.

மாமல்லபுரத்துக்குப் போகிறவர்கள் கடலைப் பார்க்கிறார்கள், கற்கோயிலைப் பார்க்கிறார்கள். ஊருக்கு மேற்கே கடலுக்கு இணையாகக் கிடக்கும் பக்கிங்காம் கால்வாயைப் பார்க்க யாரும் வண்டியை நிறுத்துவதில்லை. ஒரு காலத்தில் பட்டணத்து அடுப்பு இந்தக் கால்வாயை நம்பி எரிந்தது. விறகும் உப்பும் படகில் போகும். பட்டணத்துக்கு வடக்கே ஒரு கால்வாய், தெற்கே ஒரு கால்வாய் என்று தனித்தனியாக இருந்தவற்றை, அடையாற்றுக்கும் கூவத்துக்கும் நடுவே சுமார் 8 கிலோமீட்டர் வெட்டி 1877-78-ல் ஒன்றாக்கினார்கள். கவர்னர் பக்கிங்காம் பிரபுவின் பெயர் கால்வாய்க்கு 1878-ல் வந்தது. வெட்டியவர்கள் பஞ்ச நிவாரணக் கூலிகள். தாது வருஷப் பஞ்சம் என்று பாட்டிமார் சொல்வார்களே, அந்தப் பஞ்சம்.

அப்போது இந்தியா சர்க்கார், செலவைக் குறைப்பதற்காக ஸர் ரிச்சர்டு டெம்பிள் என்பவரைச் சென்னை மாகாணத்துக்கு அனுப்பியது. நாள் முழுதும் மண் சுமக்கிற ஓர் ஆணுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓர் அணாவும் போதும் என்று அவர் முடிவு கட்டினார். ஒரு ராத்தல் என்பது இன்றைய நிறையில் சுமார் 450 கிராம். பெண்ணுக்கும் வேலை செய்கிற குழந்தைக்கும் இன்னும் குறைவு. சென்னையின் சுகாதாரக் கமிஷனர் கார்னிஷ் என்ற டாக்டர் இதை எதிர்த்தார். உழைக்கிற உடம்புக்கு ஒன்றரை ராத்தல் தானியமாவது வேண்டும், அதோடு பருப்பும் காய்கறியும் வேண்டும் என்று வாதாடினார். மனிதன் வாழ எவ்வளவு வேண்டும் என்று இரண்டு அதிகாரிகள் கடிதம் எழுதிக்கொண்டிருந்தபோது, மனிதர்கள் பசியில் விழுந்துகொண்டிருந்தார்கள். கடைசியில் 1877 மார்ச்சில் சென்னைச் சர்க்கார் ராத்தலை ஒன்றேகாலாக்கிக் கொஞ்சம் பருப்பையும் சேர்த்தது. டாக்டர் கேட்டதற்கும் டெம்பிள் கொடுத்ததற்கும் சரியாக நடுவில்! பேரம் பேசுகிற சந்தையில்தான் இப்படி விலை படியும்.

சீமையிலும் ஏழையின் கணக்கு தாராளமாக இல்லை. யார்க் நகரத்தின் ஏழைகளை ஆராய்ந்து ரவுண்ட்ரீ 1901-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். உடம்பில் வேலை செய்யும் சக்தி நிற்க என்ன வேண்டுமோ அதை மட்டும் அவர் கணக்கில் சேர்த்தார். ரயில் சார்ஜ் இல்லை, செய்தித்தாள் இல்லை, ஊரிலிருக்கும் பிள்ளைக்குக் கடிதம் எழுதத் தபால் தலைகூட இல்லை. அந்தக் குறைந்தபட்சத்தையும் எட்டாதவர்கள் எத்தனை பேர் என்று காட்டுவதே அவர் நோக்கம். ஆனால் கணக்கு அவ்வளவு இறுக்கமானது.

நம் நாட்டில் சுதந்திரத்துக்குப் பிறகு, 1957-ல், பதினைந்தாவது இந்தியத் தொழிலாளர் மாநாடு ஒரு சூத்திரம் வகுத்தது. ஒருவர் சம்பாத்தியத்தில் மூன்று பேருக்குச் சமமான சாப்பாடு. வளர்ந்த ஆளுக்கு நாளொன்றுக்கு 2,700 கலோரி. இந்த உணவுக் கணக்கு டாக்டர் அய்க்ராய்டு வகுத்தது. பத்து வருஷம் நம் குன்னூர் ஆராய்ச்சிக் கூடத்தில் தலைமை வகித்தவர் அவர். ஆளுக்கு வருஷத்தில் 18 கெஜம் துணி, நாலு பேருக்கு 72 கெஜம். வீட்டு வாடகை. விளக்கு, விறகு, சில்லறைக்கென்று மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு. இதைப் படித்தபோது எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன்: ஒன்பது கெஜப் புடவை கட்டுகிற அம்மாளுக்கு வருஷத்தில் இரண்டே இரண்டு புடவைதான், ரவிக்கைக்கு மீதியில்லை! போகட்டும், 2015-ல் அறிக்கை தந்த ஏழாவது சம்பளக் கமிஷனும் கணவன் 1, மனைவி 0.8, இரண்டு குழந்தைகள் ஆளுக்கு 0.6 என்றுதான் மூன்று பேரைக் கூட்டியது. வீட்டில் கடைசியாகச் சாப்பிட உட்காருகிறவளுக்குச் சர்க்கார் கணக்கிலும் முழு இலை விழவில்லை.

1957-ன் சூத்திரத்தில் சோறு இருந்தது, துணி இருந்தது. களத்து மேட்டில் பங்கு வாங்கிய வைத்தியரும் திருவிழாவும் இல்லை. அவர்கள் திரும்பி வந்தது 1991-ல். அந்த வழக்கும் இந்தக் கடற்கரையைச் சேர்ந்ததே. மாமல்லபுரத்துச் சாலை புறப்படுகிற திருவான்மியூரில் ரெப்டகோஸ் பிரெட் என்ற மருந்துக் கம்பெனியின் தொழிற்சாலை 1959-ல் ஏற்பட்டது. அங்கே தொழிலாளருக்குக் கொடுத்துவந்த பஞ்சப்படியின் முறையை நிர்வாகம் மாற்ற விரும்பியது. தொழிலாளர் ஒப்பவில்லை. வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று. 1991 அக்டோபர் 31-ல் தீர்ப்பு தொழிலாளர் பக்கம் ஆயிற்று. குழந்தைகள் படிப்பு, வைத்தியம், பண்டிகையும் சடங்கும் உட்பட்ட கொஞ்சம் பொழுதுபோக்கு, முதுமைக்குச் சேமிப்பு, கல்யாணம் ஆகியவற்றுக்காகக் குறைந்தபட்சக் கூலியில் நூற்றுக்கு 25 இருக்க வேண்டும் என்று நீதிபதிகள் அதில் சேர்த்தார்கள். இது ஆடம்பரக் கூலியைப் பற்றிய பேச்சல்ல. குறைந்தபட்சக் கூலியைப் பற்றிய பேச்சு. ஓலையில் எழுதிய கணக்குப்பிள்ளைக்கு இந்தத் தீர்ப்பு ஒன்றும் புதிதாகப் பட்டிராது.

எந்தக் கணக்கிலும் சரியாக வராதது வாடகைதான். அதற்குப் பட்டணவாசிகள் தாங்களே ஒரு வழி கண்டிருக்கிறார்கள். தாம்பரம், கூடுவாஞ்சேரி, மறைமலைநகர், சிங்கப்பெருமாள்கோவில் என்று ரயில் பாதையைப் பிடித்துக்கொண்டே தெற்கே நகர்கிறார்கள். நகர நகர வாடகை இறங்குகிறது. அப்படித் திருவல்லிக்கேணியிலிருந்து செங்கற்பட்டுக்கே வந்து சேர்ந்த ஒரு குடும்பத்தை நான் அறிவேன். கணவருக்குக் கடற்கரை ஸ்டேஷன் பக்கத்தில் உத்தியோகம். சுமார் 60 கிலோமீட்டர். வீட்டு வாசலிலிருந்து ஆபீஸ் வாசலுக்கு இரண்டு மணி நேரம். போக வர நான்கு. மாதம் 25 நாளைக்கு நூறு மணி நேரம். வாடகையில் மிச்சம் பிடித்தது அந்த நூறு மணிக்குக் கூலியாகுமா என்று அவரிடம் கேட்டேன். சிரித்தார். ரயிலில் உட்கார இடம் கிடைத்தால் ஆகும், நின்றுகொண்டு வந்தால் ஆகாது என்றார்.

அவர் மனைவியிடம் என் பழைய கேள்வியையும் போட்டேன். அந்த அம்மாள் தொகை எதுவும் சொல்லவில்லை. "அரிசி பருப்புக்குக் குறைவில்லை, சார். பள்ளிக்கூடப் பணமும் எப்படியோ கட்டிவிடுகிறோம். நாள் கிழமை வந்தால்தான் கை நீட்ட வேண்டியிருக்கிறது" என்றார். சென்ற தீபாவளிக்கு வாங்கிய கடனை ஆடி மாதத்தில்தான் அடைத்தார்களாம்.