தாளில் தொடங்கும் மர்மம்

காட்சித் தொடர்பியல் படிக்கும் மாணவர்களிடம் ஒரு மர்மப் படத்தின் முதல் இரண்டு நிமிடத்தை மட்டும் எடுத்து வரச் சொன்னால், பெரும்பாலானவர்கள் முதலில் தேடிப் போவது நல்ல கேமராவையும் இருட்டான இடத்தையும்தான். சென்னையின் தெற்கே, தாம்பரத்தை ஒட்டிய மாடம்பாக்கம், சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம் பக்கம் இருட்டுக்குப் பஞ்சமில்லை. ஏரிக்கரை இருக்கிறது, பாதியில் நிற்கும் அடுக்குமாடிக் கட்டடங்கள் இருக்கின்றன, கடைசி மின்ரயில் வந்து நின்றபின் வெறிச்சோடும் நடைமேடை இருக்கிறது. ஆனால் தமிழ் மர்மப் படங்களின் வரலாற்றைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்த்தால், நினைவில் நின்ற தொடக்கங்கள் இருட்டாலோ கருவியாலோ உருவானவை அல்ல என்பது தெரியும். பார்வையாளருக்கு எதைக் கொடுப்பது, எதை மறைப்பது, அதை எந்த ஊரில் எந்த நாளில் வைப்பது என்ற கேள்விகளுக்கு, படப்பிடிப்புக்கு வெகு முன்பே தாளில் பதில் எழுதி வைத்தவர்களின் வேலை அவை. பணமில்லாத மாணவனும் பெரிய ஸ்டுடியோவும் ஏறக்குறைய சமமாக நிற்கக்கூடிய ஒரே இடமும் இந்தத் திட்டமிடல்தான். இதற்கான சான்றுகள் சென்னையின் தென்பகுதியிலேயே கிடைக்கின்றன.

முதல் சான்று மாணவர் படமல்ல. ஆனாலும் அதை விட்டுவிட்டுப் பேச முடியாது. 1954 ஏப்ரலில் ஏவி.எம். நிறுவனத்தின் ‘அந்த நாள்’ வெளிவந்தது. இயக்கியவர் எஸ். பாலசந்தர், பின்னாளில் வீணை எஸ். பாலசந்தர் என்று உலகம் அறிந்தவர். படத்தில் பாட்டு கிடையாது, நடனம் கிடையாது. ‘பராசக்தி’ வந்து இரண்டே ஆண்டுகளில் தமிழ்நாடே கொண்டாடிக்கொண்டிருந்த சிவாஜி கணேசன், படம் தொடங்கியதுமே சுடப்பட்டுச் சாகிறார். சுட்டவர் யார் என்பது தெரியாது. செத்தவர் முகம் மட்டும் தெரியும். அந்தச் சாவிலிருந்து பின்னோக்கிப் போய், ஒவ்வொருவர் வாக்குமூலமாக ஜாவர் சீதாராமன் நடித்த சி.ஐ.டி. அதிகாரி விசாரித்துக்கொண்டு போவதுதான் முழுப் படமும். அகிரா குரோசவாவின் ‘ராஷோமான்’ பாலசந்தருக்குத் தூண்டுகோலாக இருந்தது என்பது எல்லோரும் அறிந்தது. அதிகம் பேசப்படாதது, அவர் கதைக்குத் தேர்ந்தெடுத்த நாள். 1943 அக்டோபர் 11, சென்னையின் மீது ஜப்பானிய விமானம் குண்டு வீசிய நாள். அதற்கு முந்தைய ஆண்டுதான் ஜப்பானியப் படையெடுப்பு வரும் என்ற அச்சத்தில் நகரம் பாதி காலியாகி, மக்கள் மூட்டை முடிச்சுகளோடு வெளியூர்களுக்கு ஓடியிருந்தார்கள். கொல்லப்படும் நாயகன் ரேடியோ இன்ஜினீயர். எதிரிக்குத் தகவல் அனுப்பும் துரோகி என்பது பின்னால் தெரிகிறது. அந்த நாளை எடுத்துவிட்டால் கொலைக்குக் காரணமே இல்லாமல் போய்விடும். திரைக்கதையின் சட்டகம் ஜப்பானிலிருந்து வந்திருக்கலாம். கொலைக்கான காரணம் சென்னைத் தெருவின் நினைவிலிருந்து வந்தது. ஆராய்ச்சி என்று நான் சொல்வது இதைத்தான்.

இங்கே ஒரு மறுப்பு எழும். அந்தப் படம் வெளியானபோது ஓடவில்லையே, பாட்டு இல்லாத படத்தை ஜனங்கள் ஏற்கவில்லையே, அதைப் போய் மாணவருக்கு முன்மாதிரியாகக் காட்டுவதா என்று கேட்கலாம். ஓடவில்லை என்பது உண்மை. ஆனால் ஓடாததற்குக் காரணம் தொடக்கக் காட்சி அல்ல. ரசிகர்கள் எதிர்பார்த்த மற்ற எல்லாவற்றையும் அந்தப் படம் மறுத்தது, நாயகனையும் கெட்டவனாக்கியது. அந்த ஆண்டு ஓடிய எத்தனையோ படங்களின் முதல் காட்சி இன்று யாருக்கும் நினைவில்லை. இதன் முதல் காட்சியோ எழுபது ஆண்டுகள் கழித்தும் திரைப்பட வகுப்புகளில் எடுத்துக்காட்டாக நிற்கிறது. மாணவரின் இரண்டு நிமிடப் படத்துக்கு வசூல் கணக்கு எதுவும் கிடையாது. ஆகவே வசூலை வைத்து அதற்கு வழி சொல்வதும் பொருந்தாது.

மாணவர் கதை தரமணியில் தொடங்குகிறது. சென்னை சென்ட்ரல் பாலிடெக்னிக்கின் ஒரு பகுதியாக 1945இல் ஒளிப்பதிவும் ஒலிப்பதிவும் கற்பிக்கத் தொடங்கிய பிரிவுதான், பின்னாளில் எம்.ஜி.ஆர். பெயரைத் தாங்கிய அரசுத் திரைப்படப் பயிற்சி நிறுவனமாக வளர்ந்தது. சினிமாக்காரர்கள் வாயில் அது எப்போதும் ‘அடையாறு இன்ஸ்டிட்யூட்’தான். பி.சி. ஸ்ரீராமும் ராஜீவ் மேனனும் ஒளிப்பதிவு கற்றது அங்கேதான். 1978இல் ‘அவள் அப்படித்தான்’ எடுத்த ருத்ரய்யாவும் அந்த வளாகத்துப் பிள்ளை. அந்தப் படத்தை விமர்சகர்கள் தலைமேல் வைத்துக் கொண்டாடினார்கள். விநியோகஸ்தர்களுக்கு அது போதவில்லை. இன்ஸ்டிட்யூட் பசங்க என்றால் படிப்பாளிகள், கலைப்படம் எடுப்பார்கள், அரங்கு நிறையாது என்றொரு எண்ணம் கோடம்பாக்கத்தில் ஊறிப்போயிருந்தது. அதை உடைத்தது ஒரு மர்மப் படம் என்பது தற்செயல் அல்ல என்பது என் கருத்து.

அங்கே கற்றவர்களின் பழக்கத்தைத் தீர்மானித்தது பாடப்புத்தகத்தைவிட பிலிம் சுருள்தான். 35 மி.மீ. பிலிமில் ஓர் அடிக்கு 16 பிரேம். நொடிக்கு 24 பிரேம் ஓடினால் நிமிடத்துக்கு 90 அடி போய்விடும். 400 அடி ரோல் ஒன்று நாலரை நிமிடத்துக்குள் தீர்ந்துவிடும். இரண்டு நிமிடத் தொடக்கம் என்றால் 180 அடி; கையில் இரண்டு ரோல் இருந்தால் ஒவ்வொரு ஷாட்டுக்கும் நாலு டேக்கோடு கதை முடிந்தது. இந்தக் கணக்கு மாணவனுக்கு மட்டும் உரியதல்ல. இரண்டாம் உலகப் போரின்போது கச்சாப் பிலிம் தட்டுப்பாட்டால் ஒரு முழுநீளப் படம் 11,000 அடியைத் தாண்டக்கூடாது என்று அரசு கட்டுப்பாடு விதித்தது. அதாவது இரண்டு மணி நேரத்துக்குச் சற்றே கூடுதல். நாலு மணி நேரம் பாட்டாகவே ஓடிய படங்கள் சுருங்கியதில் அந்த உத்தரவுக்கும் பங்கு உண்டு. எத்தனை அடி என்பது முன்பே தெரிந்தால், எந்த ஷாட் வேண்டும், எது வேண்டாம் என்பதையும் முன்பே முடிவு செய்தாக வேண்டும். ஷாட் பிரித்து எழுதாமல், லொகேஷனை நாலு முறை போய்ப் பார்க்காமல், வெயில் எந்த மணிக்கு எந்தச் சுவரில் விழும் என்று குறிக்காமல் கேமராவின் பொத்தானை அழுத்துவது அன்றைக்குக் கட்டுப்படியாகாது. மற்ற வகைப் படங்களுக்கு இந்தக் கட்டுப்பாடு ஒரு தொல்லை. மர்மப் படத்துக்கோ அதுவே இலக்கணம்; ஏனென்றால் மர்மம் என்பதே தகவலை அளந்து கொடுக்கும் கலை.

கோடம்பாக்கத்தின் எண்ணத்தை உடைத்த அந்த மர்மப் படம், ‘ஊமை விழிகள்’, 1986 ஆகஸ்ட் 15 அன்று வெளிவந்தது. எழுதித் தயாரித்தவர் ஆபாவாணன், இயக்கியவர் ஆர். அரவிந்தராஜ், ஒளிப்பதிவு ஏ. ரமேஷ்குமார். இன்ஸ்டிட்யூட் மாணவர்கள் சேர்ந்து எடுத்த படம் என்றே அது பேசப்பட்டது, அதுவும் சினிமாஸ்கோப்பில். ஊருக்கு வெளியே ஓர் உல்லாச விடுதி, அங்கே காணாமல் போகும் பெண்கள், துப்புத் துலக்கும் பத்திரிகைக்காரர்கள், கடைசியில் போலீஸ் என்று போகும் கதையில், கொலையாளியின் முகத்துக்கு முன்னால் அவனுடைய அடையாளங்கள் வந்துவிடுகின்றன. வழியில் உட்கார்ந்திருக்கும் மூதாட்டியையும் குதிரை வண்டியையும் அந்தத் தலைமுறையில் பார்த்தவர்கள் இன்னும் மறக்கவில்லை. இரண்டுக்கும் பெரிய செலவு கிடையாது. திரும்பத் திரும்ப வரும்போது அடுத்து என்ன நடக்கும் என்று பார்வையாளருக்கே தெரிந்துவிடுகிறது. காணாமல் போகப்போகும் பெண்ணுக்குத்தான் தெரியாது. ஹிட்ச்காக் சொல்லிக் கொடுத்த பாடம் இது. மேசைக்கடியில் குண்டு இருப்பது பார்ப்பவருக்குத் தெரிந்து, பேசிக்கொண்டிருப்பவருக்குத் தெரியாமல் இருந்தால்தான் பதைப்பு பிறக்கும். ஆனால் குண்டுக்குப் பதிலாக ஒரு கிழவியை உட்கார வைக்கலாம் என்பது தமிழ்க் கிராமத்துச் சாலையைப் பார்த்தவர்களுக்குத்தான் தோன்றும்.

நடிகர் தேர்விலும் அதே திட்டம் தெரிகிறது. அறுபதுகளில் காதல் நாயகனாகக் கொடிகட்டிப் பறந்த ரவிச்சந்திரனை வில்லனாக்கினார்கள். மாடர்ன் தியேட்டர்ஸ் துப்பறியும் படங்களில் தென்னகத்து ஜேம்ஸ்பாண்டாக ஓடிய ஜெய்சங்கரைப் பத்திரிகை ஆசிரியர் நாற்காலியில் அமர்த்தினார்கள். தமிழ் ரசிகர் மனத்தில் ஏற்கெனவே பதிந்திருந்த முகங்களைத் தெரிந்துகொண்டு, அந்தப் பதிவையே மறைப்பாகப் பயன்படுத்தினார்கள். தன் ஊர் சினிமாவின் வரலாற்றைப் படித்தவர்களால் மட்டுமே இது முடியும்.

‘ஊமை விழிக’ளில் விஜயகாந்த் இருந்தார், அதனால் ஓடியது; மாணவர் திட்டமாவது மண்ணாவது என்று சொல்பவர்கள் உண்டு. அவருடைய பெயர் படத்துக்குத் தெம்பு கொடுத்தது என்பதை மறுக்க வேண்டியதில்லை. புதியவர்களை நம்பி அவர் வந்ததற்குத் தமிழ் சினிமா அவருக்குக் கடன்பட்டிருக்கிறது. ஆனால் அவரை எப்படிப் பயன்படுத்தினார்கள் என்று பாருங்கள். முப்பதுகளில் இருந்த ஒரு சண்டை நாயகனை, நடுவயது போலீஸ் அதிகாரி தீனதயாளனாக்கினார்கள். கதையைச் சுமப்பவர்களில் ஒருவராகத்தான் அவர் நிற்கிறார். நட்சத்திரத்துக்காகக் கதையை வளைக்காமல், எழுதி முடித்த கதைக்குள் நட்சத்திரத்தை வைக்கும் துணிவு, எழுதியதில் உறுதி இருந்தவர்களுக்குத்தான் வரும். அதே ஆண்டில் வந்த ‘மௌன ராக’த்தில் பி.சி. ஸ்ரீராமின் ஒளியையும் சேர்த்துப் பார்த்தால், இன்ஸ்டிட்யூட் மீதிருந்த பழைய எண்ணம் ஏன் அதன் பிறகு எடுபடவில்லை என்பது புரியும்.

இன்றைய மாணவர் வேறொரு மறுப்பை வைப்பார், அது வலுவானது. பிலிமே இல்லை, செல்பேசியில் நூறு முறை எடுக்கலாம், பிடித்ததை வைத்துக்கொண்டு மற்றதை அழிக்கலாம், பிறகு எதற்கு 180 அடிக் கணக்கு? டிஜிட்டல் வந்ததால் வாய்ப்பு பெருகியது உண்மை. 2009இல் கலைஞர் தொலைக்காட்சி தொடங்கிய ‘நாளைய இயக்குநர்’ நிகழ்ச்சியில் குறும்படங்களோடு வந்த கார்த்திக் சுப்புராஜ், 2012இல் ‘பீட்சா’ எடுத்தார். 2016 இறுதியில் ‘துருவங்கள் பதினாறு’ வெளிவந்தபோது அதை இயக்கிய கார்த்திக் நரேனுக்கு 22 வயது. இந்த இரண்டு படங்களையும் இரண்டாம் முறை பார்த்தால் ஒன்று விளங்கும்: முதல் பத்து நிமிடத்தில் சாதாரணமாகக் கடந்துபோகும் விவரங்கள், முடிவு தெரிந்தபின் வேறு அர்த்தம் கொள்கின்றன. முடிவை முதலில் எழுதி, அங்கிருந்து பின்னோக்கி வந்து தொடக்கத்தை அமைத்தால்தான் இப்படி வரும். நூறு டேக் எடுத்து எடிட்டிங் மேசையில் பொறுக்கி எடுப்பதால் நடிப்பு தேறலாம், வெளிச்சம் தேறலாம். எடுக்கவே நினைக்காத ஒரு துப்பு மட்டும் அந்த நூறிலும் இருக்காது. பிலிம் தீர்ந்துவிடும் என்ற பயம் போய்விட்டதால், முன்பு சுருள் செய்த வேலையை இப்போது மாணவர் தானே வலிந்து செய்ய வேண்டியிருக்கிறது. அந்த அளவில் இன்றைய வேலை கூடுதல் கடினம்.

ஆராய்ச்சி என்றால் வெளிநாட்டுப் படங்களை நகலெடுப்பதுதானே என்பதும் அடிக்கடி கேட்கும் குற்றச்சாட்டு. ஃபிரிட்ஸ் லாங்கின் ‘எம்’ 1931இல் வந்தது. அதில் சிறுமி கொல்லப்படுவதைக் காட்டாமல், அவளுடைய பந்து தனியே உருண்டு வந்து நிற்பதை மட்டும் காட்டுகிறார். ஆர்சன் வெல்ஸின் ‘டச் ஆஃப் ஈவில்’ 1958இல் ஒரு காரில் குண்டு வைக்கப்படுவதில் தொடங்கி, அது வெடிக்கும் வரை மூன்று நிமிடத்துக்கு மேல் வெட்டே இல்லாமல் ஓடுகிறது. இவற்றைப் பார்த்து உருளும் பந்தையும் நீண்ட ஷாட்டையும் அப்படியே எடுப்பவர் இருக்கலாம், அது நகல்தான். ஆனால் முதல் காட்சியில் வன்முறையை எந்தப் பொருளின் பின்னால் மறைப்பது என்று லாங் கேட்ட கேள்வியை எடுத்துக்கொண்டு தன் தெருவில் பதில் தேடுவது வேறு. பாலை மட்டும் எடுத்துக்கொள்ளும் அன்னம்போல இருக்க மாணவருக்கு யாராவது கற்றுத்தர வேண்டும். ‘ராஷோமா’னிலிருந்து ‘அந்த நாளு’க்குப் போன பாதை அப்படிப்பட்டதுதான்.

அந்தத் தெரு மாடம்பாக்கமாக இருந்தால் தேட எவ்வளவோ இருக்கிறது. சோழர் காலத்துத் தேனுபுரீசுவரர் கோயிலின் விமானம் யானையின் பின்புற வடிவம் கொண்ட தூங்கானை மாடம். தாம்பரத்தில் 1928இல் தொடங்கிய காசநோய் சானடோரியத்தின் பெயரே ஒரு ரயில் நிலையத்துக்கு நிலைத்துவிட்டது. 1931இல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்ரயில் ஓடத் தொடங்கியது. 1937இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுனை விட்டுக் கிழக்குத் தாம்பரத்தின் காட்டுக்கு வந்தது. இவை ஒவ்வொன்றிலும் ஒரு கதைக்கான காரணம் ஒளிந்திருக்கிறது: ஒதுக்கி வைக்கப்பட்ட நோயாளிகள், கடைசி வண்டி, காட்டுக்குள் ஒரு கல்லூரி. வெறும் இருட்டான சந்து எந்த ஊரிலும் கிடைக்கும். திட்டமிடலின் அலுப்பான பகுதியும் இங்கேதான் வரும். கோயில் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பதால் படமெடுக்க அனுமதி வேண்டும். நடைமேடைக்குத் தெற்கு ரயில்வேயிடம் எழுதிக் கேட்க வேண்டும். தாம்பரம் விமானப்படைத் தளத்தின் சுற்றுச்சுவர் பக்கம் கேமராவைத் திருப்பவே கூடாது. அனுமதி கிடைக்காத இடத்தை ஒலியால் மட்டும் கொண்டுவர முடியுமா என்று யோசிக்கும்போதுதான், ரயிலைக் காட்டாமல் ரயிலின் சத்தத்தைக் காட்டும் ஷாட் பிறக்கும்.

கல்லூரிகள் செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. மாணவர் கொண்டுவரும் இரண்டு நிமிடப் படத்துக்கு மதிப்பெண் போடும்போது, அதன் பின்னாலிருக்கும் நோட்டுப்புத்தகத்தையும் கேட்டு வாங்க வேண்டும்: பார்த்த படங்கள், நிராகரித்த முடிவுகள், லொகேஷன் குறிப்புகள், அடித்துத் திருத்திய ஷாட் பட்டியல். அவற்றை நூலகத்தில் பாதுகாக்கவும் வேண்டும். தமிழின் மௌனப் படங்களை ஏறக்குறைய முழுவதுமாகத் தொலைத்துவிட்டு நிற்கிறோம். 1910களில் நடராஜ முதலியார் புரசைவாக்கத்தில் எடுத்த ‘கீசக வத’த்தில் ஒரு பிரேம்கூட நம்மிடம் இல்லை, அதை அவர் எப்படித் திட்டமிட்டார் என்று சொல்லும் குறிப்பேடும் இல்லை. சேலையூரிலும் தாம்பரத்திலும் இன்று படம் எடுக்கும் பிள்ளைகளின் நோட்டுகள் அந்தக் கதிக்குப் போகாமல் இருக்க, ஒரு அலமாரியும் பொறுப்பெடுத்துக்கொள்ளும் ஓர் ஆசிரியரும் போதும்.