சிறைக்குள் திறந்த வாசல்

1658-ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் வசமாயிற்று. கத்தோலிக்கக் குருக்கள் வெளியேற்றப்பட்டனர், திருப்பலி தடைசெய்யப்பட்டது, குருக்களுக்கு அடைக்கலம் கொடுப்போருக்கு மரண தண்டனை என்று ஆணை பிறந்தது. ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் அங்குள்ள மந்தை மேய்ப்பனின்றித் தவித்தது.

இச்செய்தி கோவாவில் இருந்த ஓர் இளங்குருவின் உள்ளத்தை உலுக்கியது. 1651-இல் பெனோலிம் என்னும் ஊரில் பிறந்த யோசேப் வாஸ் அடிகளாரே அவர். யோவான் என்ற பணியாளரை உடன் அழைத்துக்கொண்டு, எளிய கூலியாள் கோலத்தில் தூத்துக்குடியிலிருந்து தோணியேறி, 1687-இல் இலங்கை சேர்ந்தார். அங்கு முதலில் அவரை எதிர்கொண்டது மறைபரப்புக்கான வாய்ப்பன்று, கடும் வயிற்றுப்போக்கு. கஞ்சி வார்த்து அவர் உயிரைக் காத்தவர்கள் முன்பின் அறியாத எளிய மக்கள் என்பர்.

நோய் தெளிந்ததும் கழுத்தில் செபமாலையை அணிந்து வீடு வீடாகப் பிச்சை ஏற்றார். செபமாலையைக் கண்டதும் எவர் கண்கள் பனித்தனவோ, அவரே தாம் தேடி வந்த கிறிஸ்தவர் என்று அறிந்துகொண்டார். வறுமைக்கோலமே நற்செய்தியின் திறவுகோலாயிற்று. சில்லாலை ஊர் அவருக்கு அரணாயிற்று.

1692-இல் அவர் கண்டிக்குச் சென்றபோது, போர்த்துக்கீசரின் ஒற்றர் என்று குற்றஞ்சாட்டப்பட்டுக் காவலில் வைக்கப்பட்டார். மறைபரப்பச் சென்றவருக்குச் சிறையைப்போல வேறு தடை உண்டோ? ஆனால் அடிகளார் அந்நாள்களை வீணாக்கவில்லை. சிங்கள மொழியைக் கற்றார். காவலிடத்திலேயே சிறு குடிசைக் கோவில் அமைத்துத் திருப்பலி நிறைவேற்றினார். நெடுங்காலம் குருவைக் காணாதிருந்த கண்டிக் கிறிஸ்தவர்கள் அங்கே தேடி வந்தனர். ஊர் ஊராகத் தேடிச் சென்றவரை, சிறைப்பட்டபின் மந்தையே தேடி வந்தது.

1697-இல் கண்டியில் பெரியம்மை பரவியது. பெற்ற பிள்ளையையும் விட்டு மக்கள் ஓடிய காலம் அது. அடிகளாரும், துணைக்கு வந்திருந்த யோசேப் கர்வாலோ அடிகளாரும் கைவிடப்பட்ட நோயாளரைத் தேடிச் சென்று, சமய வேறுபாடு பாராது உணவளித்தனர், புண் கழுவினர், இறந்தோரை அடக்கம் செய்தனர். நற்செய்தியை நாவால் மட்டுமன்றிக் கைகளாலும் அறிவிக்கலாம் என்பதைக் கண்டி நகர் கண்டது.

1711 சனவரி 16-இல் கண்டியிலேயே அவர் இறைவனடி சேர்ந்தார். 1995-இல் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் கொழும்பில் அவருக்கு அருளாளர் பட்டம் வழங்கினார். 2015-இல் திருத்தந்தை பிரான்சிஸ் அதே நகரில் அவரைப் புனிதராக உயர்த்தினார்.

இவ்வரலாறு துன்பம் நல்லது என்று கூறவில்லை. நோய் நோய்தான், சிறை சிறைதான். "ஏன் எனக்கு இது?" என்ற வினாவுக்கு அடிகளாருக்கும் விடை கிடைத்திருக்குமா என்பதை நாம் அறியோம். ஆயினும், "இந்த இடத்தில் நான் யாருக்குப் பயன்படுவேன்?" என்ற வினாவுக்கு ஒவ்வொரு நாளும் தம் செயலால் விடையளித்தார். துன்பத்தின் பொருள் அங்கேதான் அவருக்கு வெளிப்பட்டது.

இன்னொன்றையும் மறத்தலாகாது. மரண தண்டனைக்கு அஞ்சாது கதவைத் திறந்தவர்கள் பொதுநிலையினர். குருவே இல்லாத முப்பது ஆண்டுகள் விசுவாசத்தைக் காத்தவர்களும் அவர்களே. சிறையைப் பகிர்ந்துகொண்ட யோவான் ஒரு பணியாளர். நற்செய்திப் பணி குருக்களுக்கு மட்டும் உரியதென்று எண்ணும் நமக்கு இவர்களது வாழ்வு ஓர் அழைப்பு. நோய்ப்படுக்கையோ, வேலையிழப்போ, தனிமையோ நம்மைச் சூழும்போது, அங்கேயும் நம்மை எதிர்நோக்கி எவரோ ஒருவர் இருக்கக்கூடும். அவரைத் தேடிக் காண்போமாக.